விரல் ஆழத்தில் ராகி

ஆனேக்கல் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கர் மணல் கலந்த செம்மண் நிலம். நேற்று மழை. அந்த மண்ணில் ஈரம் இரண்டு நாள் நிற்காது என்பதால் இன்றே ராகி விதைத்தாக வேண்டும்.

உழாமலே விதைக்கும் மெஷினை டிராக்டரோடு வாடகைக்கு எடுத்தேன். சின்னது, பெரியது என்று இரண்டு இருந்தன. கம்பீரமாக இருக்கிறதே என்று பெரியதைக் கேட்டேன். அது போதாதென்று, விதை நன்றாக அழுந்தட்டும் என நானும் அதன் மேல் ஏறி நின்றுகொண்டேன்.

பாதி நிலம் முடிந்ததும் டிராக்டர் ஓட்டிய ராஜண்ணா இறங்கி மண்ணைக் கிளறினார். விரல் முழுக்க உள்ளே போன பிறகுதான் விதை தட்டுப்பட்டது.

"சார், ஸ்வல்ப இங்க வாங்க. ராகிக்கு நகம் மறையுற ஆழம் போதும். இது லூஸ் மண்ணு, மெஷின் தானாவே இறங்கும். மேல நீங்க வேற எதுக்கு?"

"வெயிட்டுக்கு."

"அதான் தெரியுதே."

மெஷினைச் சற்றுத் தூக்கி வைத்து மீதிப் பாதியை அவர் விதைத்தார். நான் வரப்பில் நின்றேன். திரும்ப விதைக்க விதையும் இல்லை, ஈரமும் இருக்காது.

நகரத்தில், நீலசந்திராவிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்தும் கால் நிற்கவில்லை. "விதைச்சு அஞ்சு மணி நேரம்தான் ஆச்சு, உட்காருப்பா" என்கிறாள் மகள்.

விரல் ஆழத்திலிருந்து ராகி முளைத்ததைப் பார்த்தவர்கள் உடனே சொல்லுங்கள். முளைக்காது என்று தெரிந்தவர்கள் ஒரு வாரம் கழித்துச் சொன்னால் போதும்.