தூரம் போகாத மலை

சுவரில் கடல் வரைவது பெயிண்டரக்காவுக்குத் தண்ணீர் பட்ட பாடு. கிட்டத்துப் பாறைக்கு அடர் கறுப்பு, அலைக்குப் பச்சை, கடலுக்கு அந்தப் பக்கத்து மலைக்கு நீலத்தில் வெள்ளையைக் குழைத்துக்கொண்டே போக வேண்டும். எவ்வளவு வெளிறுகிறதோ அவ்வளவு தூரம். ஊரில் பாதிச் சுவர்கள் அவள் கைவண்ணம்தான். ஆனால் இந்த விடுதியின் சாப்பாட்டு அறைச் சுவர் மட்டும் அவள் உயிரை வாங்கியது.

"மலை மூஞ்சிக்கு நேரா வந்து நிக்குதேக்கா," என்றார் முதலாளி, மறுபடியும். "நாளைக்கும் இப்படியே இருந்தா வேற ஆளத்தான் பாக்கணும்."

அவர் போனதும் பெயிண்டரக்கா சாரத்திலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலித்தது. இந்த மனுஷனுக்கு என்ன தெரியும்? மலை முழுக்கப் பனிமூட்டமாக அல்லவா இருக்கிறது! இவ்வளவு மெத்தென்ற பனி இதுவரை அவள் கைக்கு வந்ததே இல்லை.

சாயங்காலம் அவளைக் கூட்டிப்போக வந்த கணவர், லாரி ஓட்டுகிறவர், சுவரைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"என்னங்க, நாக்கை எங்கயாவது அடகு வச்சிட்டீங்களா?"

"மலையில வெடிப்பெல்லாம் பளிச்சுனு தெரியுதேம்மா."

"அதான் முழுக்கப் பனி போட்டிருக்கேனே!"

"பனியா? எங்க?" அவர் சுவரை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தார். "எப்பலேருந்து இப்படித் தெரியுது?"

"மழைக்காலத்துலேருந்து," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. "சொன்னா ஆபரேஷன்னு உக்கார வச்சிருவீங்க. நான் உக்காந்தா என் சுவரையெல்லாம் வேற எவனாவது பிடிச்சுக்குவான்."

கண்ணில் விழுந்த புரையே பனியைப் போட்டுக் கொடுத்திருக்கிறது. அதை நம்பி வெள்ளை கலக்காமல் விட்டிருக்கிறாள். வெட்கமாக இருந்தது, அதைவிட அலுப்பாக இருந்தது. அழக்கூடத் தெம்பில்லை.

அவர் திட்டவில்லை. வெள்ளை டப்பாவைத் திறந்து அவள் கையில் கொடுத்துவிட்டு, வாசல் பக்கம் போய் நின்றார். அவள் மலையின் மேல் தீட்டத் தீட்ட, "இன்னும்... இன்னும் கொஞ்சம்..." என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில், "போதும் போதும், கையை எடு!" என்றார்.

அவள் கண்ணுக்கு மலை எப்போதோ காணாமல் போயிருந்தது. வெறும் சுவர்தான் தெரிந்தது.

"தூரமா இருக்கா?"

"இப்பப் படகை எடுத்தாக்கூட இருட்டுறதுக்குள்ள போய்ச் சேர முடியாது."

பெயிண்டரக்கா தூரிகையைக் கீழே வைத்தாள். "அப்ப நாளைக்கே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. அதை நானும் பாக்கணும்."