உறைமேல் எழுதிய ரிப்போர்ட்

எனக்கும் அந்த டாக்டருக்கும் நடுவில் ஒரு டீக்கடை, ஒரு மருந்துக்கடை, ஒரு கோழிக்கடை. மூன்று நிமிட நடை. கோழிக்கடையில் கூட்டமிருந்தால் நாலு. ஆனாலும் ஒன்றரை வருடமாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. எழுத்து மூலமாகவே சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

கடல் ஊருக்குள் வந்துபோனதற்கு அடுத்த வருடம் அது. மரக்காணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே, இரண்டு அறையில் நடந்த ஸ்கேன் சென்டருக்கு வாரத்தில் மூன்று நாள் பாண்டியிலிருந்து பஸ் ஏறிப் போவேன். நான் ரேடியாலஜிஸ்ட். அதாவது, நோயாளியைத் தொடாமலே டாக்டர் என்று பேர் வாங்கியவன். படத்தைப் பார்த்து, அதில் இருப்பதை ஆங்கிலத்தில் எழுதி, அனுப்பிய டாக்டருக்கே திருப்பி அனுப்புவது என் வேலை. என் மாமனார் என்னைக் கடைசிவரை ஒருவகை போட்டோகிராபர் என்றே நினைத்திருந்தார். அவர் நினைத்தது முழுத்தவறு என்று சொல்லவும் முடியாது.

எதிராளி அந்த ஊரில் முப்பது வருடமாக வைத்தியம் பார்ப்பவர். உப்பளத்துக்காரர்களுக்கு அவர்தான் ஹைகோர்ட்டு. எக்ஸ்ரேவுக்கு அவர் அனுப்பும் துண்டுச் சீட்டில் ‘வலது தோள்’ என்றிருக்கும். அவ்வளவுதான். விழுந்தானா, யாராவது அடித்தார்களா, எத்தனை நாளாக வலி, ஒன்றும் இருக்காது. நான் மட்டும் விடுவேனா? ‘விவரம் தரப்படவில்லை’ என்று ரிப்போர்ட்டின் முதல் வரியிலேயே தட்டிவிடுவேன். அதற்குப் பழிவாங்குவதுபோல அவர் என் ரிப்போர்ட்டைப் படிக்கமாட்டார். கடைசி வரி மட்டும்தான். அதையும் கம்பவுண்டரை வாசிக்கச் சொல்லிக் காதால் கேட்பார் என்று, எங்களிடம் எக்ஸ்ரே எடுக்கும் பெண் சொல்லியிருந்தாள். பிறகு எக்ஸ்ரே உறையைக் கவிழ்த்துப்போட்டு, அதன் முதுகில் மருந்து எழுதுவார். நோயாளிகளும் அந்த உறையைப் பத்திரமாக வைத்திருந்து, அடுத்த தடவை அதையே எடுத்துக்கொண்டு போவார்கள். என் ரிப்போர்ட் உறைக்கு உள்ளே கிடக்கும். வைத்தியம் உறைக்கு வெளியே நடக்கும்.

இந்தக் கூத்தில் மாட்டியவர் உப்பளத்தில் வேலை செய்த ஒருவர். முப்பது வயதுகூட இருக்காது. ஒருநாள் காலை பழைய உறையோடும் புதுச் சீட்டோடும் வந்து நின்றார். சீட்டில் ‘வலது தோள்’. ஆறு வாரத்துக்கு முன்பும் அதே தோள், அதே டாக்டர், அதே நான். ஒப்பிட்டுப் பார்க்கலாமென்று பழைய படத்தை உருவி வெளிச்சத்தில் மாட்டினேன்.

தோளை எக்ஸ்ரே எடுத்தால் நுரையீரலின் மேல்நுனியும் ஓரத்தில் கொஞ்சம் விழும். அந்த ஓரத்தில், கறுப்பாக இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளையாக ஒரு திட்டு.

“தோள் இன்னும் வலிக்குதாப்பா?”

“வலி கெடக்குது சார். இந்த இருமல்தான் வுடமாட்டேங்குது. உப்புக் காத்து ஒத்துக்கலன்னு நெனச்சேன்.”

“எத்தினி நாளா?”

“ரெண்டு மாசம் இருக்கும். நீங்கதான ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தீங்க?” என்றவர், தானாகவே மேலும் சொன்னார். “சம்சாரம் முழுகாம இருக்குது சார். வானூர்ல, அதோட அம்மா வீட்டுல. இன்னும் ரெண்டு வாரத்துல டைம் குடுத்துக்கறாங்க. மொத கொழந்த. தோளு சரியாச்சுன்னா தூக்கறதுக்கு ஆவுமேன்னுதான் மறுபடி வந்தேன்.”

அவர் சொன்ன ‘ஒண்ணும் இல்ல’ என் கடைசி வரி. ‘எலும்பு முறிவோ மூட்டு விலகலோ இல்லை.’ சத்தியமான வார்த்தை. திட்டைப் பற்றி எழுதவே இல்லையா என்றால், எழுதியிருந்தேன். ஆறாவது வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘படத்தின் ஓரத்தில், நுரையீரலின் மேற்பகுதியில், தெளிவற்ற வெண்மை ஒன்று தென்படுவது போல் உள்ளது, நோயாளியின் பிற அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நலம்.’ எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணிடம் அதைப் படித்துக் காட்டினேன்.

“இருக்குதுன்றீங்களா, இல்லன்றீங்களா சார்?” என்றாள்.

“ஜாக்கிரதையா எழுதியிருக்கேன்மா.”

“யாருக்கு ஜாக்கிரதை?”

மார்பை முழுதாக ஒரு படம் எடுக்கச் சொன்னேன். வலது நுரையீரலின் உச்சியில் திட்டு, அதன் நடுவே ஓர் ஓட்டை. காசநோய்தான் என்று சளிப் பரிசோதனைதான் உறுதியாகச் சொல்லும். ஆனால் இதற்கு ‘போல்’ போடும் தைரியம் எனக்கே வரவில்லை. இரண்டு வாரத்தில் பிறக்கப்போகும் குழந்தையின் பக்கத்தில் இந்த இருமல் போய் நிற்கக்கூடாது. அது மட்டும் தெளிவு.

டாக்டருக்குப் போன் போட்டேன். கம்பவுண்டர் எடுத்தார்.

“டாக்டர் ஊசி போட்டுனு இருக்காரு. ரிப்போர்ட்ட குடுத்தனுப்புங்க.”

“ரிப்போர்ட்ட அவர் படிக்கமாட்டாரேப்பா.”

“அதுக்கு நான் இன்னா சார் பண்றது?”

பத்து நிமிடம் கழித்து மறுபடி போட்டேன். அதே ஊசி. மூன்றாம் முறை ரிசீவரை எடுத்தபோது எக்ஸ்ரே எடுக்கும் பெண் கேட்டாள். “நடந்து போனா கால் தேஞ்சிடுமா சார்?”

நடந்தேன். உறை என் கக்கத்தில். உப்பளத்துக்காரர் என் பக்கத்தில், துண்டால் வாயைப் பொத்தி இருமிக்கொண்டே. கோழிக்கடையில் கூட்டம் இல்லை. மூன்று நிமிடம்தான்.

டாக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்கதானா அந்த ‘விவரம் தரப்படவில்லை’?”

“நீங்கதானா அந்த ‘வலது தோள்’?” என்றேன்.

முதல் சந்திப்பு இவ்வளவு இனிமையாக முடிந்ததும், ஜன்னல் வெளிச்சத்தில் படத்தைப் பிடித்துக் காட்டினேன். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார்.

“மொதப் படத்துல இது இல்லியா?”

“இருந்தது. எழுதியிருக்கேன். ஆறாவது வரி.”

கம்பவுண்டரைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். அவர் ஒவ்வொரு ஆங்கில வார்த்தையாக மேட்டில் வண்டி தள்ளுவதுபோல் தள்ளி முடித்தார். என் எழுத்தை இன்னொருவர் வாயால் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கே புரியவில்லை.

“ஏங்க, இத மொத வரில போடறதுக்கு இன்னா கேடு?” என்றார் டாக்டர். “கடைசில ஒண்ணும் இல்லன்னு எழுதிட்டு, நடுவுல கொண்டாந்து ஒளிச்சு வச்சிக்கறீங்க.”

“சீட்டுல இருமல்னு ஒரு வார்த்தை எழுதியிருந்தீங்கன்னா நானும் உஷாராயிருப்பேன்.”

“இருமல்னு அவன் எங்கிட்ட சொல்லவே இல்லியே.”

இருவரும் சேர்ந்து அவரைத் திரும்பிப் பார்த்தோம். படித்தவர்கள் இருவர் மாட்டிக்கொண்டால் மூன்றாவதாக ஓர் ஆளைத் தேடுவது வழக்கம்தானே.

“நீங்க தோளத்தான சார் கேட்டீங்க” என்றார் அவர்.

டாக்டர் தன் கையாலேயே அரசு ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதினார். சளியில் கிருமி இருந்தது. அந்த வாரமே மாத்திரை ஆரம்பித்துவிட்டார்கள்.

இரண்டு வாரத்தில் பெண் குழந்தை பிறந்தது. வானூரில் மாமியார் அவரைப் படியேற விடவில்லை, அது நியாயமும்கூட. ஞாயிற்றுக்கிழமை தோறும் பஸ் ஏறிப் போய், கேட்டுக்கு வெளியே நின்று, அவர்கள் தூக்கிக் காட்டுவதைப் பார்த்துவிட்டு வருவாராம். நான் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இல்லை. முதல் படத்திலேயே பளிச்சென்று எழுதியிருந்தால், குழந்தை பிறந்த அன்று அவருடைய மாத்திரைக்கு இரண்டு மாதம் நிறைந்திருக்கும்.

நானும் டாக்டரும் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் தவறாமல் பார்க்கிற காகிதம் உறையின் முதுகு ஒன்றுதான். நோய்ப் பெயரை அங்கே எழுதினால் பஸ்ஸில் பாதிப் பேர் படித்துவிடுவார்கள். அதனால் அவசரமென்றால் அங்கே சிவப்பு மையில் ‘முதலில் போன்’ என்று மட்டும் எழுதுவேன். அவர் கூப்பிடுவார். வணக்கம்கூட இல்லாமல், “இருக்குதா, இல்லியா?” என்பார். அவருடைய சீட்டுகளும் வளர்ந்துவிட்டன. ‘இடது முழங்கால், மூன்று மாதம், இருமல் இல்லை, கேட்டுவிட்டேன்’ என்று ஒன்று வந்தது. கிண்டல்தான். அதையும் விவரமென்று ஏற்றுக்கொண்டேன்.

இரண்டு மாதம் கழித்து உப்பளத்துக்காரர் வந்தார். சளியில் கிருமி போய்விட்டது, இனித் தொற்றாது என்று அரசு ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மாமியார்தான் ஒப்பவில்லை. படத்தில் பார்த்துச் சொன்னால்தான் ஆயிற்று என்கிறாராம். எடுத்தோம். ஓட்டை மூடிக்கொண்டு வந்தது. திட்டு முழுதாகப் போகவில்லை, போக நாளாகும்.

“ஓட்டை சின்னதாயிடுச்சு. நிழல் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருக்கிற மாதிரி…” என்று ஆரம்பித்தேன்.

எக்ஸ்ரே எடுக்கும் பெண் தொண்டையைச் செருமினாள்.

“சார், தூக்கலாமா, கூடாதா?” என்றார் அவர்.

டாக்டருக்குப் போன் போட்டேன். “சளி கிளியர். தாராளமா தூக்கலாம். எழுதிக் குடுங்க. இங்கிலீஷ்ல வேணாம்” என்றார்.

உறையைக் கவிழ்த்தேன். தோளுக்கு டாக்டர் எழுதியிருந்த தைலத்துக்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. சிவப்பு மையில் எழுதினேன்: ‘குழந்தையைத் தூக்கலாம்.’

“கையெழுத்தப் பெருசா போடுங்க சார். அந்தம்மா நம்பாது” என்றாள் எக்ஸ்ரே எடுக்கும் பெண். போட்டேன்.

அவர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். உறையை மடங்காமல் மார்போடு அணைத்துக்கொண்டு வாசல்வரை போனவர் திரும்பி நின்றார்.

“தோளு இன்னும் அப்படியேதான் சார் வலிக்குது.”

நாலு மாதம், இரண்டு டாக்டர், மூன்று படம். தோளை எல்லாருமே மறந்திருந்தோம்.

“இடது பக்கமாத் தூக்குப்பா” என்றேன்.