ஒரு நல்ல காரியம், ஒரு வைக்கோல்

போன வாரம் என் மகன் குமார் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் கேட்டான்.

"யம்மா, ஏதாச்சும் நல்ல காரியம் இருந்தா குடேன். அவசரமா வேணும்."

கடையில் சீனி கேட்கிற மாதிரி!

விஷயம் இதுதான். ராஜபாளையத்தில் கன்னியாஸ்திரீகள் நடத்தும் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்கிறான். டிசம்பர் வந்தால் வகுப்பு மூலையில் ஒரு காலித் தொட்டில் வைப்பார்கள். வீட்டில் நல்ல காரியம் செய்த பிள்ளை எழுந்து சொன்னால், சிஸ்டர் ஒரு வைக்கோல் தருவார். அதைத் தொட்டிலில் போட வேண்டும். கிறிஸ்துமஸுக்குக் குழந்தை இயேசு மெத்தென்று படுக்க வேண்டாமா?

எல்லாப் பிள்ளைகளும் போட்டுவிட்டார்கள். குமார் ஒன்றுகூடப் போடவில்லை.

நாங்கள் கும்பிடுவது ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளை. அதனால் என்ன? மார்கழிக் குளிரில் ஒரு குழந்தை வெறும் பலகையில் படுத்தால் எனக்குத் தூக்கம் வருமா? தவிர, 'இவர்கள் வீட்டில் நல்லதே நடக்காது போல' என்று சிஸ்டர் நினைத்துவிட்டால்...

பக்கத்து வீட்டு சரோஜா அக்கா வேறு சும்மா இருக்கவில்லை. அவள் மகள் லதாவும் அதே வகுப்பு.

"எங்க லதா அள்ளிப் போடுதா. வத்திராயிருப்புக் களத்துலகூட அம்புட்டு வைக்கோல் இருக்காது. ஒம்மவனுக்கு ஒண்ணுகூடவா இல்ல? புள்ளைக்கு ஒரு வேலை மிச்சம் வைக்கணும்ட்டி."

உண்மைதான். தலை சீவுவது முதல் ஷூ மாட்டுவது வரை எல்லாம் நானே. வீட்டில் இருக்கிற நல்ல காரியம் அத்தனையையும் செய்து தீர்த்துவிட்டு, பிள்ளை நல்லவனாக வேண்டும் என்றால் எப்படி?

ஆகவே, பொருட்களைக் கீழே போட ஆரம்பித்தேன். முதலில் கரண்டி. அப்புறம் டம்ளர். கடைசியில் ஒரு கிண்ணம் உளுந்து. குமார் ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தான் — என் முகத்தைப் பார்த்துக்கொண்டே.

பாத்திரம் விழும் சத்தத்தை என் கணவர் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். மறுநாள் மில்லிலிருந்து வரும்போது கையில் பால்கோவா. "நான் என்ன செஞ்சேன்னு மட்டும் சொல்லிரு" என்றார். நான் சொல்லவில்லை. பால்கோவா நன்றாக இருந்தது.

அடுத்த நாள் குமாரை அழைக்கப் போனேன். சிஸ்டர் வாசலிலேயே நின்றார்.

"குமார் அம்மா, செத்த உள்ள வாங்க. கை இப்ப எப்படி இருக்கு?"

"எந்தக் கை சிஸ்டர்?"

"மறைக்காதீங்க. அம்மா கையில எதுவும் நிக்க மாட்டேங்குது, அப்பாவுக்குத் தெரிஞ்சா பயப்படுவாங்க, அதான் யார்கிட்டயும் சொல்லலன்னு குமார் சொன்னான். அதுதான் அவன் செஞ்ச நல்ல காரியமாம். வைக்கோல் குடுத்தேன்."

யாரிடமும் சொல்லாத அந்த ரகசியத்தை, வகுப்பே கேட்க எழுந்து நின்று சொல்லியிருக்கிறான்!

நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால்? அந்த ஒற்றை வைக்கோலைத் திரும்ப எடுத்துவிட்டால்? தூரத்தில் குமார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான்.

வலது கையை லேசாக நடுங்க விட்டேன்.

"பயப்படாதீங்க. நாளைக்கு அசெம்பிளில புள்ளைகள ஜெபிக்கச் சொல்லுதேன்" என்றார் சிஸ்டர்.

சொன்னபடியே செய்தார். பள்ளிக்கூடமே எனக்காக முழந்தாளிட்டதாம். அன்று சாயங்காலம் சரோஜா அக்கா தைலத்தோடு வந்துவிட்டாள்.

"ஏட்டி, கை வெளங்காமப் போச்சாமே. ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" அவளே மாவாட்டிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

இப்போது என் கவலை வேறு. கை சட்டென்று சரியாகிவிட்டால், அற்புதம் என்று ஊருக்குள் பேச்சாகிவிடும். சிஸ்டர் என்னைச் சாட்சி சொல்லக் கூப்பிட்டாலும் கூப்பிடுவார்.

அதனால்தான்... கொஞ்சம் கொஞ்சமாகக் குணமாகி வருகிறேன்.