முதுகில் ஒரு நகக்கீறல்

அவர் செய்த போலிப் பவளத்தை என் கடையில் அசல் என்று விற்றவன் நான். பழி அவர்மேல் விழுந்தபோது வாய் திறக்கவில்லை.

தூத்துக்குடிக்கு வரும் ஜெர்மன் கப்பல்காரர்களிடம் பிளாஸ்டிக் களிமண் வாங்கி, பேக்கரி அடுப்பில் சுட்டு, பவளமும் குட்டி மாதா சிலைகளும் செய்வார். ஒல்லியான மனிதர். கட்டைவிரல் நகத்தை வளர்த்திருப்பார். சுடுமுன் ஒவ்வொரு கல்லின் முதுகிலும் அதனால் ஒரு கீறல்.

"யாரும் ஏமாந்துரக் கூடாதுல்லா, அண்ணாச்சி."

அந்தக் கீறலைத்தான் நான் சிவப்பு அரக்கால் அடைத்தேன். கீழவைப்பார் ஊர்ப் பெண் ஒருத்தி வாங்கிப்போன கல்லில், சோதித்துப் பார்க்கத் தட்டான் சூடான ஊசியை வைத்ததும் பிளாஸ்டிக் நாறியது. கள்ளப் பவளக்காரன் என்று சொல்லி, பேக்கரிக்காரர் அவருக்கு அடுப்பைத் தர மறுத்துவிட்டார்.

ஒரு வருடம் கழித்து, பேக்கரியில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொன்னேன். அவரிடம் மன்னிப்பும் கேட்டேன்.

"விடுங்க அண்ணாச்சி, அடுப்பு கெடச்சிட்டுல்லா."

அதன்பிறகும் எனக்குக் கற்கள் தந்தார். மற்ற கடைகளுக்குப் போனவற்றில் கீறல் பழையபடி முதுகில்தான் இருந்தது. எனக்குத் தந்தவற்றில் மட்டும் முகத்தில் இருந்தது.