மதினியின் அரை லோடு வறுவல்

எங்கள் மதினி நர்கிஸைப் பற்றிப் பாலவனத்தத்தில் யாரிடம் விசாரித்தாலும், "காபி வறுக்கிற பொம்பளையா?" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். வறுப்பது யாராலும் முடியும். போன வாரம் வறுத்த மாதிரியே இந்த வாரமும் வறுப்பதுதான் பாடு. அவர் அந்தப் பாடு பட்டபோது கூடவே நின்று பொட்டலம் கட்டியவள் நான், ஷர்மிளா பானு. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

மதினிக்குத் திருச்சுழி. என் அண்ணன் முகம்மது ரபீக்கைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தார். அண்ணன் கத்தாரில் ஒரு காபிக் கடையில் வேலை பார்த்தவர். ஊரோடு வந்துவிட்ட பிறகு இங்கே எந்தக் காபியைக் குடித்தாலும் முகத்தைச் சுளிப்பார். மதினி எத்தனை நாள்தான் பொறுப்பார்?

"சும்மா நொட்டை சொல்லாதீக. பச்சைக் கொட்டை வாங்கிட்டு வாங்க, நானே வறுக்கேன்" என்றார்.

முதலில் இரும்புச் சட்டியில் வறுத்தார். கை பழகியதும், அருப்புக்கோட்டை வெல்டர் காசிராஜனிடம் சொல்லி ஓர் இரும்பு உருளை செய்துகொண்டார். அடியில் கேஸ் அடுப்பு, சுற்றிவிட ஒரு பழைய கிரைண்டர் மோட்டார், கரண்டு போனால் கையால் சுற்ற ஒரு கைப்பிடி. முன்பக்கத் தகடு மட்டும் சுற்றாது. அதில் துளை போட்டு, சாயப்பட்டறைக்காரர்கள் கொதிதண்ணீருக்கு வைத்துக்கொள்ளும் சூடு அளக்கும் தடித்த கம்பி ஒன்றைச் செருகியிருந்தார்கள். கம்பியின் நுனி உருளைக்குள் இருக்கும், சூட்டின் அளவு வெளியே பேட்டரி மீட்டரில் ஓடும். குறிப்பிட்ட எண் வந்ததும் கொட்டையை வெளியே கொட்டி ஆற வைக்க வேண்டும்.

தொழில் நன்றாகத்தான் போனது. அருப்புக்கோட்டையில் மெஸ் நடத்தும் கோகிலாம்பாள் அம்மாவே வாங்க ஆரம்பித்தார். அவர் வாங்கினால் பஜாரே வாங்கும், அவர் வேண்டாம் என்றால் பஜாரும் வேண்டாம் என்று சொல்லிவிடும். அப்படிப்பட்ட நாக்கு.

ஒரு வாரம் பச்சைக் கொட்டை வரத்து குறைந்து, உருளை நிறையாமலே வறுத்தோம். அந்த வாரம் அந்த நாக்கு சொல்லிவிட்டது. "ஏம்மா நர்கிசு, இந்தத் தடவை புளிக்குதே?"

மதினி துடித்துப் போனார். மற்ற கடைகளுக்கு உருளை நிறைய ஒரே லோடாக வறுப்போம். மெஸ்ஸுக்கு மட்டும் இனிமேல் தனியாக, கொண்டுபோகும் அன்றைக்கே புதிதாக வறுப்பது என்று முடிவு செய்தார். உருளையில் பாதிகூட இருக்காது. அதே எண் வந்ததும் கொட்டினோம். அது இன்னும் அதிகமாகப் புளித்தது. கடைகளிலிருந்து ஒரு குறையும் வரவில்லை. யாருக்காக மெனக்கெட்டோமோ அவரிடமிருந்துதான் பேச்சு வந்தது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

"அடுத்த தடவையும் இப்படின்னா நான் பழைய கடைக்கே போயிருவேன். கோவிச்சுக்கிடாதம்மா, சாப்பிட வாரவுக என்னையத்தானே கேக்காக?" என்று கோகிலாம்பாள் சொல்லிவிட்டார்.

அண்ணனுக்கு எது கெட்டாலும் விற்ற கடைக்காரனைத் திட்டியாக வேண்டும். "மீட்டரு டூப்ளிகேட்டு. தூக்கிப் போடு" என்று குதித்தார். மதினி அடுப்பில் தண்ணீரைக் கொதிக்கவிட்டுக் கம்பியை அதற்குள் விட்டார். மீட்டர் நூறுக்குப் போய் நின்றது. கம்பியில் கோளாறு இல்லை. அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு வெளியே கிளம்பிவிட்டார்.

அடுத்த லோடு வறுத்துக்கொண்டிருக்கும்போது கரண்டு போனது. கொட்டை கருகிவிடாமல் இருக்க மதினி கைப்பிடியைப் பிடித்து உருளையைச் சுற்றினார். மோட்டார் இரைச்சல் இல்லாததால், உள்ளே கொட்டைகள் கம்பியில் உரசிக் கரகரவென்று போவது நன்றாகக் கேட்டது. கடைகளுக்கான அந்த லோடு முடிந்தும் கரண்டு வரவில்லை. மெஸ்ஸுக்கான அரை லோடைப் போட்டு மறுபடியும் கையாலேயே சுற்றினார். நாலு சுற்று போனதும் கை நின்றுவிட்டது.

"பானு, கம்பியில சத்தமே இல்ல பாரு."

எனக்கு விளங்கவில்லை. மதினி வெளியே நீட்டிக்கொண்டிருந்த கம்பியின் தலையைத் துணியால் பிடித்துப் பார்க்கச் சொன்னார். துளிகூட அதிரவில்லை. உருளை நிறைந்திருந்தால் கம்பி கொட்டைக்குள் புதைந்திருக்கிறது. பாதி லோடில் கொட்டை கீழே கிடக்கிறது, கம்பி மேலே வெறும் காற்றில் நிற்கிறது. காற்று சீக்கிரம் சூடேறிவிடும். மீட்டர் காட்டியது அந்தக் காற்றின் சூட்டை. கொட்டை வேகுமுன்னே நாங்கள் இறக்கியிருக்கிறோம், அதுதான் புளிப்பு. தனியாகக் கவனித்து வறுத்துத்தான் அந்த அம்மாவின் காபியைக் கெடுத்திருக்கிறோம்!

மறுநாளே காசிராஜனைக் கூட்டிவந்தார். துளையை எவ்வளவு கீழே போடுவது என்று அவர் கேட்க, மதினி அரை லோடைப் போட்டுச் சுற்றிக் காட்டினார். உருளை சுற்றும்போது கொட்டை ஒரு பக்கமாக ஏறிக் குவியும். அந்தக் குவியலின் நடுவில் கம்பி புதைகிற மாதிரி துளை போட வைத்தார். தடித்த கம்பி சூடேறத் தாமதமாகிறது என்று மெல்லிய கம்பியாக மாற்றினார். பிறகு பழைய எண்ணை மறந்துவிட்டு, முழு லோடு போட்டு, நல்ல நிறம் வந்தபோது மீட்டர் என்ன காட்டுகிறது என்று பார்த்துக்கொண்டார். அரை லோடுக்குத் தீயைக் குறைத்து, அதே எண்ணில் இறக்கினார். இரண்டையும் தட்டில் பரப்பிப் பார்த்தோம். என் கண்ணுக்கு ஒரே நிறம்.

மெஸ்ஸுக்குக் கிளம்பும்போது மதினி இரண்டு பொட்டலம் எடுத்தார். முழு லோடில் ஒன்று, அரை லோடில் ஒன்று. எனக்குத் திக்கென்றது.

"மதினி, கடைசி வாய்ப்பு இது. பெரிய லோடை மட்டும் கொண்டு போங்க. எதுக்கு வம்பு?"

"இந்த வாரம் தப்பிச்சிரலாம் பானு. எம் வறுவல் சரியா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றார். அந்த நிமிஷம் எனக்குக் கோபம்தான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தபோது பெருமையாக இருந்தது.

எது எந்த லோடு என்று மதினி சொல்லவில்லை. கோகிலாம்பாள் இரண்டு பில்டரில் தனித்தனியாக டிக்காஷன் இறக்கினார். முதல் டம்ளரைக் குடித்தார். இரண்டாவதைக் குடித்தார். திரும்பவும் முதலாவதை எடுத்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"ஏம்மா நர்கிசு, புளிப்பு போயிருச்சு, ரெண்டும் ஒண்ணுதானே? ஒரே பொட்டணமாக் கட்டிருந்தா ஆகாதா? வேலை நேரத்துல எனக்கு ரெண்டு பில்டரு கழுவுற வேலை வச்சுட்டியே!" என்று எரிந்து விழுந்தார்.

மதினி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவச் சொன்னாலும் சண்டைக்கு நிற்கிற நான், "குடுங்கம்மா, நானே கழுவுறேன்" என்று அந்த இரண்டு பில்டரையும் வாங்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.