பீம்ராவுக்கு வராத பதவி உயர்வு

பீம்ராவ் தீயணைப்பு வண்டியில் ஏறி இருபத்தேழு வருடம் ஆகியிருந்தது. அடுத்த பட்டியலில் அவர் முன்னணித் தீயணைப்பாளர் ஆகிவிடுவார் என்பது வடசென்னை எம்.கே.பி. நகரில் அவர் குடியிருந்த பிளாக் முழுக்கத் தெரியும். தண்ணீர் லாரிக்குக் குடம் வைக்கும் இடத்தில் அவர் மனைவி மதியே சொல்லிவைத்திருந்தாள்.

அந்த வேலையில் மேலே போக வீரம் கணக்கில்லை. எந்த வருடம் சேர்ந்தாய், தேர்வில் எத்தனையாவது பெயர், உன் கோப்பு சுத்தமா? இவ்வளவுதான். அந்த வருடம் ஓர் இடம்தான் காலி. பணிமூப்பில் முதல் பெயர் பீம்ராவ். அரை மதிப்பெண் குறைவாக அடுத்த பெயர் குணசேகரன். இருவரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். ஒரே வண்டியில் போய், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டவர்கள்.

பிப்ரவரி மாதம் ஒரு மதியம், திருவொற்றியூருக்கு வடக்கே ஒரு ரசாயனக் கிடங்கு பற்றிக்கொண்டது. பீம்ராவும் குணசேகரனும் ஒரே குழாயைப் பிடித்து நின்றார்கள். உள்ளே ஒருவன் மாட்டிக்கொண்டான் என்று வெளியே இருந்த கூலிக்காரர்கள் கத்தினார்கள். நிலைய அலுவலர் தவசிமுத்து ஓடிவந்து பீம்ராவின் தோளைத் தட்டினார்.

“நீ உள்ள போய்யா. குழாயைக் குணா பாத்துக்கிடுவான்.”

பீம்ராவ் போனார். புகைக்குள் தவழ்ந்து, மூட்டைகளுக்கு நடுவே மயங்கிக் கிடந்த ஒடிசாக்காரப் பையனை இழுத்துவந்தார். அவன் பிழைத்தான். ஆனால் அவர் உள்ளே இருந்த நேரத்தில் ஒற்றை ஆளாகக் குழாயைப் பிடித்த குணசேகரனால் அதைத் திருப்ப முடியவில்லை. பக்கச் சுவர் சரிந்து, இன்னொரு தீயணைப்பாளரின் கால் நொறுங்கிப்போனது.

யாராவது பதில் சொல்லியாக வேண்டும். துணைக்கு ஆள் இல்லாமல் ஒருவரை உள்ளே அனுப்பினேன் என்று தவசிமுத்து எழுதினால் அவர் வேலைக்கே ஆபத்து. பீம்ராவ் உத்தரவில்லாமல் இடத்தை விட்டு நகர்ந்தார் என்று எழுதினார். பத்தாம் நாள் குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. விசாரணை முடியும்வரை பட்டியலில் பெயர் ஏறாது.

பீம்ராவ் பயப்படவில்லை. “குணா பக்கத்துலதான நின்னான். அவன் காதால கேட்டான். சொல்லுவான்” என்றார் மதியிடம்.

விசாரணை அதிகாரி குணசேகரனைக் கேட்டார். “உள்ளே போகச் சொன்னது உங்கள் காதில் விழுந்ததா?”

குணசேகரன் மேசை விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். “பம்ப்பு சத்தம் சார். ஒண்ணும் வுழல.”

எதிரே நாற்காலியில் இருந்த பீம்ராவுக்கு அது முதலில் புரியவில்லை. வேறு யாரைப் பற்றியோ பேசுகிறான் என்று நினைத்தார். புரிந்தபோது காது அடைத்துக்கொண்டது.

வெளியே வராந்தாவில் குணசேகரனே வந்து நின்றார்.

“மாமு, என் முட்டி பூட்ச்சி. ஏணில ஒவ்வொரு படிக்கும் உயிர் போவுது. டாக்டராண்ட காட்னா வேலைக்கு ஆவாதுன்னு எய்திக் குடுத்துடுவான். முன்னணி ஆய்ட்டா கீய நின்னுகினு ஆளை ஏத்தி வுடலாம். எனக்கு வேற வயி தெர்ல.”

“என்னாண்ட கேட்டிருந்தா நானே வுட்டுக் குடுத்திருப்பேன், குணா,” என்றார் பீம்ராவ். “என்னைப் பொய்யன்னு சொல்ல வெச்சிட்டியே.”

குணசேகரன் பட்டியலில் ஏறினார்; அதே நிலையத்திலேயே முன்னணியானார். காலை அணிவகுப்பில் அவர் பெயர்களைக் கூப்பிட, பீம்ராவ் விறைத்து நின்று ‘ஆஜர்’ சொன்னார். மதிக்கு ஆத்திரம் தாளவில்லை.

“வேற ஸ்டேஷனுக்கு எய்திக் குடேன். அந்த ஆள் மூஞ்சில தினம் முயிக்கணுமா?”

“நான் இன்னா தப்பு பண்ணேன், ஓடறதுக்கு?”

ஒருநாள் வண்ணாரப்பேட்டையில் துணிக் கிடங்கு ஒன்று புகைந்தது. மாடியில் ஆள் இருக்கலாம் என்றார்கள். குணசேகரன் பீம்ராவைப் பார்த்து, “ஏறு” என்றார் மெதுவாக.

“வாக்கி டாக்கில சொல்லு,” என்றார் பீம்ராவ். “எல்லார் காதுலயும் வுழட்டும்.”

குணசேகரன் இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியை எடுத்தார். கருவியை வாய்க்கருகில் கொண்டுபோய்ச் சொன்னார். பீம்ராவ் ஏறினார். மாடியில் யாரும் இல்லை. கீழே இறங்கியபோது இளம் ஆட்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். அதன்பின் பீம்ராவும் குணசேகரனும் வேலைக்கு வெளியே ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொள்ளவில்லை.

பதினாறு மாதம் கழித்துக் குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே வரி. பழைய இடத்திலேயே தன் பெயரைச் சேர்க்கக் கேட்டு பீம்ராவ் மனு எழுதினார். அந்த வருடப் பட்டியல் முடிந்துவிட்டது, அடுத்ததில் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது.

அடுத்த பட்டியலில் அவர் பெயர் இருந்தது, மூன்றாவதாக. முதல் இரண்டும் வேறு மாவட்டத்திலிருந்து மாற்றலில் வந்த, அவருக்கு முன்பே வேலையில் சேர்ந்தவர்களின் பெயர்கள். காலியிடம் இரண்டு. மதி அந்தத் தாளை இரண்டு முறை படித்தாள். தண்ணீர் லாரி வந்த சத்தம் கேட்டும் அன்று அவள் கீழே இறங்கவில்லை. பீம்ராவ் குடங்களை எடுத்துக்கொண்டு போனார்.