பச்சைத் துணியில் ஒரு கழுதை

கஞ்சி போட்ட தடித்த துணியில் சூடான இஸ்திரிப் பெட்டி படும்போது ஒரு மணம் எழும். அது எங்கிருந்து வந்தாலும் நான் ஒன்பது வயதுப் பிள்ளையாகிவிடுவேன். மாம்புரிப் பக்கத்து அகதி முகாமில், கிடுகுக் கூரையின் ஓட்டைகள் வழியே விழும் வெயில் வட்டங்களுக்கு நடுவே, உம்மாவின் தையல் மெசினுக்குக் கீழே கால் நீட்டி உட்கார்ந்திருப்பேன்.

ஆயுதம் ஏந்திய இயக்கக்காரர்கள் முஸ்லிம்களான எங்களை மன்னாரை விட்டுப் போகச் சொல்லி விரட்டிய பிறகு, வள்ளத்தில் ஏறி இந்தக் கரையில் வந்து இறங்கியிருந்தோம். வாப்பா சைக்கிளில் வெங்காயத் தோட்டத்துக்குக் கூலிக்குப் போனார். உம்மா யாரோ கொடுத்த பழைய மெசினில், பக்கத்து ஆமிக் காம்பிலிருந்து வரும் சட்டைகளையும் காற்சட்டைகளையும் தைத்தார். கழுசானின் நீளத்தைக் குறைப்பதும், தோளில் படைப்பிரிவுச் சின்னத்தை வைத்துத் தைப்பதும்தான் பெரும்பாலும் வேலை. அந்தச் சின்னத்துக்கு எங்கள் வீட்டில் "தோள்துண்டு" என்று பெயர்.

அந்தத் துண்டுகளுக்குள் ஒரு தனி உலகம் இருந்தது. சில மாதங்கள் எங்கள் பாதை முழுக்கச் சிறுத்தைகள் நடமாடும். ஒரு காலையில் படைப்பிரிவு மாறிவிட, எல்லாத் தோள்களிலும் கொக்குகள் நிற்கும். கொடியில் காயும் சட்டைகள் காற்றில் ஆடுவதைப் பார்த்தபடி கண் செருகும்போது, கொக்குகள் ஒவ்வொன்றாகத் துணியிலிருந்து இறங்கிக் களப்பு நீருக்குள் நடந்து போவதாகத் தோன்றும். விழித்துப் பார்த்தால் அவை பழையபடி தோளிலேயே நிற்கும், எனக்கு ஏமாற்றமாக இருக்கும்.

சட்டை கொண்டுவருபவர்களில் நந்தன என்ற சிப்பாய்க்குக் கொஞ்சம் தமிழ் வரும். உம்மாவைச் சிங்களத்தில் "அக்கே" என்பார், என்னை "நங்கி", தங்கச்சி, என்பார். அவரிடம் ஒருநாள், ஏன் கொக்கு என்று கேட்டேன்.

"கொக்கு அசையாது நங்கி. பாத்துக்கொண்டே நிக்கும். நாங்களும் அப்படித்தானே."

"சின்னத்துல அதுக்குப் பக்கத்துல நெற்கதிர் ஏன்?"

அவர் யோசித்தார். "அது எங்கட அம்மாவுக்கு," என்றார். அந்தப் பதிலை அவரே அந்த நேரத்தில் உண்டாக்கினார் என்று எனக்குத் தெரியும், ஆனாலும் பிடித்திருந்தது.

பள்ளிக்கூடத்தில் இலவசக் கொப்பி கொடுக்கும் நாட்களில், "அகதிப் புள்ளைகள் எழும்புங்க" என்பார்கள். எங்கள் வகுப்பில் ஏழு பேர் எழும்புவோம். தான் யார் என்பதை ஒவ்வொரு சிப்பாயும் தோளிலேயே எழுதி வைத்திருக்கிறானே, எங்களுக்கு இந்த ஒரு சொல்தானா என்று அப்படி எழும்பி நின்ற ஒருநாள்தான் எனக்குத் தோன்றியது. கழுசான்களில் வெட்டி எறிந்த பச்சைத் துண்டுகளைப் பொறுக்கினேன். ஊரிலிருந்த பெருத்த அடிமரத்துப் பெருக்க மரத்தையும், அதன் நிழலில் ஒரு கழுதையையும், கீழே நீல நூலில் ஒரு கோடு கடலையும் தைத்து, அதே போல எட்டுத் துண்டுகள் செய்தேன். பிள்ளை விளையாட்டு என்று நினைத்து உம்மா ஓரமடித்துக் கொடுத்தார். ஏழு பேரும் சட்டைக் கையில் குத்திக்கொண்டு பள்ளிக்கூடம் போனோம். எட்டாவதை, யாருக்கும் சொல்லாமல், வாப்பாவின் சோற்றுப் பையில் தைத்துவிட்டேன்.

அடுத்த நாள் பகல், நாங்கள் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிறகு, முகாமில் ஒருவர் ஓடி வந்தார். சென்றி என்று நாங்கள் சொல்லும் ஆமிக் காவலரணில் வாப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறார்களாம். ஆமித் துணியில், எவருக்கும் தெரியாத ஒரு சின்னம். காலையில் பிள்ளைகளின் கையிலும் அதே சின்னத்தைக் கண்டிருக்கிறார்கள். எந்த இயக்கம், எத்தனை பேர் என்று விசாரிக்கிறார்களாம்.

உம்மா மெசினை அப்படியே விட்டு எழும்பினார். என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆறு பிள்ளைகளின் வீட்டுக்கும் போய்த் துண்டுகளை வாங்கி, என்னுடையதையும் கழற்றிக்கொண்டு, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போனார். வெயிலில் பாதை முழுவதும் நீராய் அலையாடியது. எவ்வளவு நடந்தும் சென்றி கிட்ட வராதது போல இருந்தது.

மண்மூட்டைகளுக்குப் பின்னால் வாப்பா நிலத்தில் குந்தியிருந்தார். மேசையில் அவருடைய பை. அதிகாரி சிங்களத்தில் கேட்க, நந்தன தமிழில் சொன்னார். அவருடைய முகமும் வெளிறியிருந்தது.

"புள்ள வெளையாடினது மாத்தயா," என்று உம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். அதிகாரி என்னைப் பார்த்தார்.

"இது என்ன மரம் எண்டு கேக்கிறார், நங்கி."

"எங்கட ஊர்ப் பெருக்க மரம்."

"இந்தக் கோடு?"

"நாங்க வந்த கடல்."

"கழுதை ஏன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதை மட்டும் ஒருத்தரும் ஊரை விட்டுப் போகச் சொல்லல்ல."

நந்தன அதை மெதுவாகச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி சிறிது நேரம் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பெரிய பதிவுப் புத்தகத்தைத் திறந்து, ஒன்றை அதில் ஒட்டி, கீழே இரண்டு வரி எழுதினார். மற்றவற்றை எரிக்கச் சொல்லிவிட்டு, வாப்பாவைப் பார்த்துப் போகும்படி கையசைத்தார்.

வாப்பா சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே வந்தார். பாதி வழியில், என்னைப் பார்க்காமலே கேட்டார்:

"கழுதைக்கு வால் வெக்க மறந்திட்டீங்களே, மகள்?"

உம்மா சிரித்துவிட்டார், அடுத்த கணமே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு விம்மி விம்மி அழுதார். அதற்குப் பிறகு அவர் ஆமிச் சட்டை எதையும் தைக்க எடுக்கவில்லை. அந்தப் படைப்பிரிவு சில வாரங்களில் வடக்கே போனது. நந்தன என்ன ஆனார் என்று எங்களுக்குத் தெரியாது.

இப்போது முகாம் இருந்த இடத்தில் கல்வீடுகள். சென்றி இருந்த வளைவில் இளநீர் விற்கிறார்கள். கடல் பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் அங்கே இறங்கிக் குடிக்கிறார்கள். எங்களோடு வள்ளத்தில் வந்தவர்களில் பாதிப் பேர் மன்னாருக்குத் திரும்பிவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. வாப்பாவை இந்த மண்ணில்தான் அடக்கினோம்.

போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்துப் படிவம் ஒன்றை நிரப்பினாள். "சொந்த ஊர்" என்ற இடத்துக்கு வந்தபோது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவள் யாரையும் கேட்கவில்லை, யோசிக்கவுமில்லை, "மாம்புறி" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள். நான் பேனையை வாங்கி, "றி"யை "ரி"யாக்கி, எழுத்துப் பிழையை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.